மாமன் கடையில் நிற்கும் பையன்

வாசகர் கேள்வி:

குலசேகரம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்புப் பையன் ஒருவன், 13 வயது, ஓணம் லீவுக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. காலாண்டுத் தேர்வும் எழுதவில்லை. மார்த்தாண்டத்தில் தாய்மாமனின் பைக் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். போன வருஷம் மழையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து வேலைக்குப் போவதில்லை. அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், வேலை செய்கிறார். அக்காவுக்குச் சித்திரையில் கல்யாணம் முடிந்தது. கான்கிரீட் வீடு, டிவி இருக்கிறது. பட்டினி கிடக்கிற வீடு என்று சொல்ல முடியாது. "அவனுக்குப் படிப்பு மண்டையில கேறல்ல டீச்சரே, மாமனுக்கக் கடையில நின்னா ஒரு தொழிலாவது படிப்பான்" என்கிறார் அம்மா. மாமனோ, "காமராஜர் படிச்சா முதலமைச்சர் ஆனாரு?" என்று கேட்கிறார். எழுத்தறிவில் முன்னால் நிற்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏன் இப்படி? சொந்த மாமன் கடை என்றால் சட்டம் பொருந்தாதாமே, உண்மையா? குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தால் பையனை ஹோமில் (காப்பகத்தில்) போட்டுவிடுவார்களோ, அந்தக் குடும்பத்துக்குத் துரோகம் செய்தவளாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆலோசகர் பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

கடைசிப் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்வது துரோகம் இல்லை. ஒரு பிள்ளை வராத நாள்களை எண்ணி, அவன் வீடு வரைக்கும் நடந்து போயிருக்கிறீர்கள். குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளில் திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் இப்படி யாரோ ஒருவர் சீக்கிரம் தேடிப் போனதால் வந்தவர்கள்தான். நாள் போகப் போக, கையில் காசு பழகிய பையனை வகுப்புக்குத் திருப்புவது கஷ்டம்.

அடுத்தது சட்டம். மாமன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். அதன்படி 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. குடும்பத்துக்கு உதவி செய்வதற்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அந்தக் 'குடும்பம்' என்ற சொல்லுக்குள் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களோடு, அப்பாவுடன் பிறந்தவர்களும் அம்மாவுடன் பிறந்தவர்களும் வருகிறார்கள். ஆக, தாய்மாமனும் வருகிறார். மீதிப் பாதியை அவர் சொல்லியிருக்க மாட்டார். அந்த உதவி பள்ளி விட்ட பிறகோ விடுமுறையிலோதான் செய்யலாம். 2017-இல் வந்த விதிகள் இன்னும் இறுக்கமானவை: பள்ளி நேரத்தில் கூடாது, மாலை 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடாது, ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, பெரியவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலைக்கு அவனை நிறுத்தக் கூடாது, அந்த வேலை அவனுக்கோ குடும்பத்துக்கோ வருமானம் தருவதாக இருக்கக் கூடாது. ஆபத்தான வேலை அறவே கூடாது. காலையில் கடை திறக்கும்போது போய், பெட்ரோலில் பாகங்களைக் கழுவிக்கொண்டு, இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கிற பையனுக்கு இந்த விலக்கில் இடமே இல்லை. அங்கே மாமன் முதலாளிதான். முதல் தடவை பிடிபட்டாலே 6 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உங்கள் பள்ளிக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. தகவல் சொல்லாமல் ஒரு பிள்ளை தொடர்ந்து 30 நாள் வராவிட்டால், தலைமை ஆசிரியர் அதைச் சம்பந்தப்பட்ட பொறுப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. ஓணத்திலிருந்து கணக்குப் போட்டால் அந்த நாள் தாண்டியிருக்கும். தலைமை ஆசிரியரிடம் இதை எழுத்தில் கொடுங்கள். இது யாரையும் காட்டிக்கொடுப்பது ஆகாது, பள்ளி செய்தே ஆக வேண்டிய வேலை.

சரி, 'ஏன்' என்ற கேள்விக்கு வருவோம். அதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

குழந்தைத் தொழிலாளர் என்றதும் எல்லோரும் வறுமை என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வறுமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே தெருவில், அதே வருமானத்தில் இருக்கும் பத்து வீட்டில் ஒன்பது வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள், ஒரு வீட்டுப் பிள்ளை மட்டும் நின்றுவிடுகிறான். அந்த ஒரு வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க 'வறுமை' என்ற சொல் உதவாது. நான் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கும் கேள்வி வேறு: "பையன் நின்ற மாதத்துக்கு முந்தின வருஷம் இந்த வீட்டில் என்ன மாறியது?"

நீங்கள் எழுதிய கடிதத்திலேயே பதில் இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. அப்பா விழுந்தார். அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. இரண்டும் ஒரே வருஷத்துக்குள்.

பால் வெட்டுகிறவரின் வருமானம் எப்படிப்பட்டது என்று குலசேகரத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால்தான் பால் நன்றாக ஒழுகும். மழை வலுத்தால் வெட்டு இல்லை. மாசி, பங்குனியில் இலை உதிர்ந்தால் வெட்டு இல்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் முடங்கும் நாள்களும் அதிகம். நிரந்தரத் தொழிலாளியாக இல்லாதவருக்கு வெட்டாத நாளில் கூலியும் இல்லை. அம்மாவின் அண்டி ஆபீஸ் வேலையும் அதே கதைதான்: உடைத்த, தோலுரித்த எடைக்குத்தான் கூலி, வெளிநாட்டிலிருந்து தோட்டண்டி (உடைக்காத முந்திரிக்கொட்டை) வரத்து குறைந்தால் ஆபீஸ் மூடிக் கிடக்கும். இந்த இரண்டு வருமானமும் சேர்ந்து ஒரு வீட்டை நடத்தும், ஆனால் சேமிக்க விடாது. அப்படிப்பட்ட வீட்டில் சம்பாதிக்கிற ஒருவர் முடங்கிப்போன வருஷமே நகையும் சீதனமும் கொடுத்து ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது. 1961-இலேயே தடை செய்த வரதட்சணை நம் ஊரில் இன்னும் பவுன் கணக்கில் வெளிப்படையாகப் பேசப்படுகிறது. பவுன் விலை ஏறிய வேகத்தில் அந்தக் கல்யாணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? யார் கொடுத்தார்? என் அனுபவத்தில், பத்துக்கு ஏழெட்டு வீட்டில் அந்தக் கேள்விக்கான பதிலும் பையன் நிற்கும் கடையின் முகவரியும் ஒன்றாகத்தான் இருக்கும்.

மாமன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தங்கச்சி மகளின் கல்யாணத்துக்குக் கைகொடுத்தவராக இருக்கலாம். "பையனை அனுப்பு" என்று அவர் வாய்விட்டுக் கேட்டிருக்கவும் மாட்டார். கேட்காமலே அனுப்பியிருப்பார்கள், வாங்கிய கடனுக்கு ஒரு மரியாதையாக. கான்கிரீட் வீட்டைப் பார்த்து நீங்கள் குழம்பியது இதனால்தான். பசி வெளியில் தெரியும், கடன் தெரியாது.

எழுத்தறிவு பற்றிக் கேட்டீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதல் இடம். 1800-களின் தொடக்கத்திலேயே மயிலாடியில் பள்ளிக்கூடம் நடந்த மண் இது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பிள்ளையை வேலைக்கு அனுப்புவது இங்கே வெட்கமான காரியம். அதனால் யாரும் அதை வேலை என்று சொல்வதில்லை. மாமன் கடையில் நிற்கிறான், சித்தி வீட்டில் துணைக்கு இருக்கிறாள், அப்பாவோடு கடலுக்குப் போகிறான், அம்மாவோடு தோட்டத்தில் சிரட்டைப் பால் எடுக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். உறவின் பெயரில் ஒளிந்திருப்பதால் அது கணக்கெடுப்பிலும் சிக்காது, சோதனைக்கு வரும் அதிகாரி கண்ணிலும் படாது. பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ஒரு வீட்டுக்குள் நிற்கும் பெண்ணைக் கடைவீதியில் யாரும் பார்க்கப் போவதில்லை. 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வீட்டு வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 2006 அக்டோபர் 10 முதலே தடை இருக்கிறது.

இன்னொரு காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆசிரியரான உங்களுக்கு அது வலிக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். "படிப்பு மண்டையில கேறல்ல" என்று அம்மா சொன்னதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அது உண்மையாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 ஜூனில் எட்டாம் வகுப்புக்கு வந்தவன், 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது இரண்டாம் வகுப்பில் இருந்தான். ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் தமிழ்நாட்டில் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-இல். அப்போது அவன் நான்காம் வகுப்பு. எழுத்துக் கூட்டுவதிலிருந்து தடையில்லாமல் வாசிப்பதற்கு ஒரு பிள்ளை மாறுகிற காலமே அந்த ஒன்றரை வருஷம்தான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்த பிள்ளைகள் தாண்டி வந்துவிட்டார்கள். விடியுமுன் தோட்டத்துக்குப் போகும் அப்பாவும், அண்டி ஆபீசுக்குப் போகும் அம்மாவும் இருந்த வீட்டில் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அப்புறம் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி தானாக வந்துவிட்டது. வாசிப்பு வரவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது தினமும் ஏழு மணி நேரம் கடைசி பெஞ்சில் தலை குனிந்து இருப்பது. அதே பையன் ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறான், "கெட்டிக்காரன்டா நீ" என்று பேர் வாங்குகிறான். 13 வயதில் எந்தப் பக்கம் கால் போகும்? கடன் அவனைக் கடைப் பக்கம் இழுத்தது என்றால், வகுப்பறையும் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது.

கடை வைத்திருப்பவர்கள் பக்கமும் ஒரு காரணம் உண்டு. நம் மாவட்டத்தில் பெரிய ஆளுக்குக் கூலி அதிகம். இந்தக் கூலிக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டுப் போகவும் அவருக்குத் தெரியும். பிள்ளைக்குச் சம்பளம் பேசத் தெரியாது. திட்டினாலும் நிற்பான். பிள்ளை கிடைக்கிற வரைக்கும் அந்த வேலைக்குப் பெரியவருக்குச் சரியான கூலி கிடைக்காது. இன்றைக்கு இவனைக் குறைந்த காசுக்கு நிறுத்தும் இடத்தில், நாளைக்கு 20 வயதில் இவனே கூலி கேட்டு நிற்கும்போது இன்னொரு 13 வயதுக்காரன் நின்றுகொண்டிருப்பான்.

கடற்கரைப் பக்கம் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், எஞ்சின் கடன் என்று காரணங்கள் வேறு. செங்கல் சூளைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் வெளிமாநிலத்திலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மொழியே தடை. அதையெல்லாம் தனியாகத்தான் எழுத வேண்டும்.

காமராஜர் பற்றி மாமன் கேட்டதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். கேலியாகச் சொல்லாதீர்கள், அவர் மதிக்கிற பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். காமராஜருக்கு ஆறு வயதில் அப்பா இறந்தார். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு விருதுநகரில் அவர் போய் நின்றது எங்கே தெரியுமா? தாய்மாமனின் துணிக்கடையில். அந்தப் பையன்தான் முதலமைச்சர் ஆனதும், பிள்ளைகள் பாதியில் நிற்கக் கூடாது என்று ஊர் ஊராகப் பள்ளியைத் திறந்து மதியச் சாப்பாடும் போட்டார். 1969-இல் நாகர்கோவில் தொகுதி மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தான் இழந்ததை இன்னொரு பிள்ளை இழக்கக் கூடாது என்று நினைத்தவரை, பிள்ளையை நிறுத்துவதற்குச் சாட்சியாகக் கூப்பிடலாமா என்று மாமனிடமே கேளுங்கள்.

இனி என்ன செய்யலாம்?

வீட்டுக்குப் போகுமுன் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில் காலையில் லேட்டாக வருவான், அப்புறம் சனிக்கிழமை வகுப்புக்கு வர மாட்டான், அப்புறம் தேர்வு நாளில் காய்ச்சல் வரும். எந்த மாதத்தில் ஆரம்பித்தது என்று குறியுங்கள். அப்பா விழுந்த மாதமா, கல்யாண மாதமா, அதற்கு முன்பேயா? முன்பே என்றால் காரணம் வகுப்பறைக்குள்ளேயும் இருக்கிறது.

இந்த முறை தனியாகப் போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாயையோ, அம்மாவின் மகளிர் குழுவில் அவர் நம்புகிற ஒருவரையோ கூட்டிக்கொள்ளுங்கள். அவர் ஆபீசிலிருந்து வந்து ஒரு கட்டன் சாயா குடித்து முடிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். "ஏன் அனுப்பவில்லை" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அப்பாவின் இடுப்பைப் பற்றிக் கேளுங்கள். வைத்தியம் எங்கே பார்க்கிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் காட்டினார்களா, தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறாரா? இந்தப் பேச்சின் நடுவில் கடன் தானாக வெளியே வரும்.

வந்ததும் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பையன் செய்யும் வேலைக்குக் காசு கையில் கொடுக்கிறார்களா, கடனில் கழிக்கிறார்களா? கடனில் கழிக்கிறார்கள் என்றால் அது 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் போய்விடும். பிள்ளையை அப்படிப் பிடித்துவைப்பதற்கும், அவன் சம்பாத்தியத்தை நிறுத்திவைப்பதற்கும் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் 5 வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அந்த நிலை என்றால் யோசிக்காதீர்கள், அன்றைக்கே 1098. அவனை அடிக்கிறார்கள், இரவில் கடையிலேயே படுக்க வைக்கிறார்கள் என்று தெரிந்தாலும் அப்படியே.

அப்படி இல்லையென்றாலும் இரண்டு வாரத்துக்கு மேல் பேச்சுவார்த்தையை இழுக்காதீர்கள். 1098-க்குச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். யார் சொன்னார் என்பதை அவர்கள் வெளியிட மாட்டார்கள். விசாரித்து, பையனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோவார்கள். குழு பெற்றோரிடம் பேசும். ஹோம் என்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாக எடுக்கும் முடிவு என்றுதான் சட்டம் சொல்கிறது. அன்பான அம்மா வீட்டில் இருக்கும்போது, இனி வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே அனுப்புவதுதான் வழக்கம்.

ஆனால் மீட்டதோடு நிறுத்திவிடக் கூடாது. இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. 2018-இல் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த 12 வயதுப் பெண்ணை ஒரு வீட்டு வேலையிலிருந்து கூட்டிவந்தோம். எல்லாம் சட்டப்படி நடந்தது. இரண்டு மாதம் கழித்து விசாரித்தபோது அவள் வேறு ஒரு ஊரில், வேறு ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கிய வட்டிக் கடன் அப்படியே இருந்தது. நான் அவளைப் பார்த்தேன், அந்தக் கடனைப் பார்க்கவில்லை. அதிலிருந்துதான் கடனை முதலில் கேட்கப் பழகினேன்.

ஆகவே குடும்பத்துக்கு மாதாமாதம் ஏதாவது கிடைக்க வழி செய்யுங்கள். நாகர்கோவிலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. பெற்றோர் நோயாலோ விபத்தாலோ முடங்கிப்போன குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, அப்பாவின் மருத்துவச் சீட்டுகள், நீங்கள் தரும் படிப்புச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அம்மாவை நீங்களே கூட்டிப்போங்கள். தனியாக அனுப்பினால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று, ஒரு தாள் குறைகிறது என்று திரும்பிவந்துவிடுவார்.

மாமனிடம் பேசும்போது தொழிலைக் குறைத்துப் பேசாதீர்கள். மெக்கானிக் வேலை நல்ல வேலை. அவர் தொழிலை வைத்தே பேசலாம். 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகள் வந்துவிட்டன. கார்புரேட்டர் போய் சென்சாரும் இன்ஜெக்‌ஷனும் வந்திருக்கின்றன. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் கடைக்கு வருகிறது. திரையில் வரும் கோளாறு எண்ணை வாசிக்கத் தெரியாத மெக்கானிக்கை வைத்துக்கொண்டு அவர் பத்து வருஷம் கழித்து என்ன செய்யப் போகிறார்? பையன் பத்தாம் வகுப்பு முடித்து, நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அரசு ஐடிஐ மாதிரி ஓரிடத்தில் படித்துவிட்டு, சான்றிதழோடு அதே கடைக்கு வரட்டுமே. அதுவரை லீவு நாளில் கொஞ்ச நேரம் மாமன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கட்டும், பெட்ரோலையும் பேட்டரி ஆசிடையும் தொடாமல். உறவை வெட்டி விடாமல் பேசினால் பல மாமன்கள் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, அவன் திரும்பி வருகிற நாள். எங்கே போனாய் என்று வகுப்பில் எழுப்பிக் கேட்காதீர்கள், மற்றவர்களையும் கேட்கவிடாதீர்கள். முதல் வாரத்தில் ஒரு நாள், யாரும் இல்லாத நேரத்தில், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, "மக்களே, இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் வாசி" என்று கொடுங்கள். தடுமாறினால் அங்கிருந்தே தொடங்குங்கள். விட்டுப்போன படிப்பை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. வட்டார வள மையத்தில் கேளுங்கள், ஆனால் அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். தினமும் பள்ளி விட்டதும் அரை மணி நேரம் போதும். ஸ்பேனர் நம்பர் மனப்பாடமாக இருப்பவனுக்குப் பின்னக் கணக்கை அதை வைத்தே சொல்லிக்கொடுக்கலாம்.

பதிவேட்டில் அவன் பெயரை இன்னும் அடிக்கவில்லை என்று நம்புகிறேன். அடித்திருந்தால் நாளைக்கே திரும்ப எழுதச் சொல்லுங்கள். கடன் எவ்வளவு, யாரிடம், எப்படிக் கழிக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று அப்போது சொல்கிறேன்.